இடது முழங்கால்

மீன்கொத்திகள் ஆடி நான் பார்த்ததில்லை.
துவைத்திருக்கிறேன்.

ஈரி ஏரிக்கரையில் பெல்மர் என்றொரு ஊர்.
அதன் பேஸ்பால் குழுவுக்குத்தான் அந்தப் பெயர்.
மரப்பலகை இருக்கைக்கு அறுபது சென்ட்,
அம்மாவின் ஒரு மணி நேரக் கூலியைவிடப்
பத்து சென்ட் குறைவு.
அதனாலென்ன,
இரவு பத்தரைக்கு மூட்டை வந்துவிடும்
ஹுர்னியாக் சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு.
இருபது சட்டை, இருபது கால்சட்டை,
வியர்வை, புகையிலை எச்சில்,
யாரோ சிந்திய கடுகுச் சாறு.

அம்மா கறை படிப்பாள்.
வலது தொடையில் செம்மண் என்றால்
'இரண்டாம் பேஸுக்குச் சறுக்கியிருக்கிறான்.'
நெஞ்சில் சுண்ணாம்பு என்றால்
'குப்புற விழுந்திருக்கிறான், மடையன்.'
ஒன்றுமே படாத வெள்ளையாய் ஒன்று வரும்.
'இவனை உட்காரவைத்துவிட்டார்கள்' என்பாள்.
அதை மட்டும் கொஞ்சம் நிதானமாக அலசுவாள்.

பதினான்காம் எண், ஆர்வில் டுஷேன்.
இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவன்.
நிற்பவன் என்று எப்படிச் சொல்வது,
அவன் இடது முழங்காலில் தினமும் புல்.
எட்டாத பந்துக்கெல்லாம் விழுந்திருக்கிறான்.
எட்டியதா இல்லையா,
அதைத் துணி சொல்லாது.

பள்ளியில் நான் சொல்வேன்:
'ஆறாவது இன்னிங்ஸில் விழுந்து எடுத்தானே!'
விழுந்தது உண்மை.
ஆறாவது என்பதும் எடுத்தான் என்பதும் என் கைச்சரக்கு.
மைதானத்துக்குப் போய்வந்த பையன்கள்கூட
ஆமாம் என்றார்கள்.

ஐம்பத்தெட்டு, அக்டோபர்.
குழுவை டெக்ஸஸுக்கு விற்றுவிட்டார்கள்.
செய்தித்தாளில் ஆறே வரி,
மீன் விலைக்குக் கீழே.
சலவை பாக்கி நூற்று நாற்பது டாலர்.
கடைசி மூட்டையை மேல்தட்டில் வைத்துப் பூட்டிய ஹுர்னியாக்
சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு
பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார்.

அன்றைக்குத்தான் அவன் வந்தான்.
மழை.
நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம்.
தாடையில் சவரக் கீறல்.
'என் உடுப்பு மட்டும் போதும்.'
அம்மா பில்லைக் காட்டினாள்.
'அது முதலாளி வைத்த கடன், அம்மணி.'
'உடுப்பும் முதலாளியுடையதுதானே.'
இஸ்திரி மேசைக்கு அடியில் நான்
கொடு கொடு கொடு என்று
உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
அவன் பையைத் துழாவி மேசைமேல் வைத்தான்:
நான்கு டாலர், ஒரு பஸ் டிக்கெட், பாதி சூயிங்கம்.
டிக்கெட்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டான்.
அம்மா நான்கு டாலரையும்
அவன் பக்கமே தள்ளினாள்.
சாவி இடுப்பிலேயே இருந்தது.

அவன் கோபப்படவில்லை.
வெளியே போகும்போது
கால்மிதியில் ஷூவை நன்றாகத் துடைத்துக்கொண்டான்,
உள்ளே வருகிறவனைப் போல.

பதினொரு நாள் அம்மாவோடு நான் பேசவில்லை.
கவனித்தாளோ என்னவோ.
ஓட்டல் போர்வைகள் வந்து குவிந்த மாதம் அது.

போன பிப்ரவரியில் அவள் பெட்டியைத் திறந்தேன்.
வரி ரசீதுகள், என் பால்பல்,
மடிப்பு கலையாத ஒரு கால்சட்டை.
ஊசியால் குத்திய சீட்டில் ஹுர்னியாக் கையெழுத்து:
'பழந்துணி, ஒன்று, முப்பத்தைந்து சென்ட். பெற்றுக்கொண்டேன்.'
அரை மணி நேரக் கூலி.
ஏன் வாங்கினாள் என்று கேட்க ஆளில்லை.
இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மைதானம் இப்போது டயர் கிடங்கு.
ஒருநாள் போய், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
உத்தேசமாக நின்று பார்த்தேன்.
தள்ளி நில்லுங்கள், வண்டி வருகிறது என்றான் ஒருவன்.

கால்சட்டையை ஜன்னலில் பிடித்துப் பார்க்கிறேன்.
இடது முழங்காலில்
உள்ளங்கையளவு பச்சை, இன்னும்.
அந்த மைதானத்துப் புல்லில்
மிச்சம் இவ்வளவுதான்.

அம்மா பார்த்திருந்தால்
வினிகரை எடுத்து வா என்றிருப்பாள்.